படியளக்கிற கையும் அளக்கப்படுகிற வயிறும்

1

'அளப்பது' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை உண்டு. எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பதும் அளப்பதுதான். கூலி நெல்லைக் கொடுப்பதும் அளப்பதுதான். 'எனக்குப் படியளக்கிறவன்' என்றால் எனக்குச் சோறு போடுகிறவன் என்று அர்த்தம். கணக்குப் பார்க்கிற கையும் கொடுக்கிற கையும் ஒன்றாகவே இருந்த ஒரு சமூகத்தின் பேச்சு இது. கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை வாங்க ஒரு மரக்கால் என்று பண்ணையில் இரண்டு மரக்கால் இருந்த கதையைப் பெரியவர்கள் சொல்ல நம்மில் பலர் கேட்டிருப்போம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பின்னால் இருந்தது அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கூலிப் போராட்டமும், அதை முன்னெடுத்த சங்கக் கொடியும். அளவையில் கைவைப்பது எவ்வளவு பெரிய குற்றமாகக் கருதப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

வறுமைக்கோடு பற்றி எழுத உட்கார்ந்தவன் மரக்காலில் ஏன் தொடங்குகிறான் என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. வறுமைக்கோடு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் 'கோடு சரியான இடத்தில் போடப்பட்டிருக்கிறதா?' என்ற கேள்வியோடு நின்றுபோகின்றன. 32 ரூபாயா, 47 ரூபாயா? 2400 கலோரியா, 2100 கலோரியா? இவை தேவையில்லாத கேள்விகள் அல்ல. ஆனால் மரக்காலின் அளவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் மரக்காலைப் பிடித்திருக்கிற கை கண்ணில் படாமல் போய்விடும். இந்தக் கோட்டின் சரித்திரத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், ஒரே எண் இரண்டு விதமான வாழ்க்கை வாழ்ந்திருப்பது தெரிகிறது. ஒரு சமயம் அது ஆள்கிறவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றச்சாட்டு. இன்னொரு சமயம் அது ஆளப்படுகிறவர்கள் முகத்தில் சாத்தப்பட்ட கதவு. எப்போது, எப்படி ஒன்று மற்றொன்றாக மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரையின் அக்கறை.

2

தாது வருஷப் பஞ்சத்திலிருந்து ஆரம்பிப்போம். 1876-78. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். செலவைக் கட்டுப்படுத்துவதற்காக வைஸ்ராய் லிட்டன் 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிளை இங்கே அனுப்பினார். டெம்பிள் 1873-74 பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை இறக்கித் தாராளமாகக் கொடுத்தவர். அங்கே பட்டினிச் சாவு மிகக் குறைவாகவே இருந்தது. அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. ஊதாரி என்ற பட்டம். பட்ட பாடத்தை அவர் சென்னையில் நிறைவேற்றிக் காட்டினார். நிவாரண வேலையில் சேர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலை, அதற்குமேல் ஓர் அணா. பெண்ணுக்கு அதிலும் அரை அணா குறைவு. அதுவரை ஒன்றரை பவுண்டு என்றிருந்த கணக்கு ஒரு பவுண்டு ஆயிற்று. இதுதான் சரித்திரத்தில் 'டெம்பிள் கூலி' எனப்படுவது.

மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் இதை எதிர்த்தார். உடல் உழைப்புச் செய்கிறவனுக்கு இந்த அளவு போதாது, உடம்பு கரைந்துபோகும் என்றார். அவர் வாதத்துக்குத் துணையாக நின்றது சிறைச்சாலை உணவுப் பட்டியல். கைதிக்குக் கிடைப்பதுகூட நிவாரண வேலைக்காரனுக்குக் கிடைக்கவில்லை. இந்த டெம்பிள் கூலி நாளொன்றுக்கு 1627 கலோரிதான் என்றும், 1944ல் புக்கன்வால்ட் வதைமுகாமில் கொடுக்கப்பட்டதைவிட அது குறைவு என்றும் மைக் டேவிஸ் பிற்பாடு கணக்கிட்டார். எதிர்ப்பு வலுத்து 1877 மே மாதத்தில் அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் தனிக்கணக்கு இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெம்பிள் கேட்ட கேள்வி 'மனிதனுக்கு என்ன தேவை?' என்பதல்ல. 'எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் ஓர் ஆள் சாகாமல் மண் சுமப்பான்?' என்பதே. வறுமையை எண்ணால் அளக்கும் நவீன முறை நம் ஊரில் இப்படித்தான் நுழைந்தது. 1880ல் வந்த பஞ்சக் கமிஷன் அறிக்கையும், அதையொட்டி எழுதப்பட்ட பஞ்சச் சட்டத் தொகுப்புகளும் இதை இன்னும் நேர்த்தியாக்கின. யார் உண்மையில் பட்டினி, யார் பாசாங்கு என்று கண்டுபிடிக்க விசாரணை வேண்டாம். கடின வேலையும் குறைந்த கூலியும் வைத்துவிட்டால் வேறு வழியே இல்லாதவன் மட்டும்தான் வருவான். வேலையே சோதனை. 1834ஆம் வருஷத்து ஆங்கில ஏழைகள் சட்டம் தன் உழைப்பு விடுதிகளுக்கு வகுத்த விதியும் இதுதான்: உதவி பெறுகிறவன் நிலைமை, வெளியே இருக்கிற கடைசிக் கூலிக்காரன் நிலைமையைவிட மோசமாக இருக்கவேண்டும். அந்த விதிதான் கப்பலேறி இங்கு வந்தது.

ஜெர்மானிய சமூகவியலாளர் கியார்க் ஸிம்மல் 1908ல் ஒரு விஷயம் சொன்னார்: ஒருவன் ஏழையாவது அவனிடம் இல்லாததால் அல்ல, உதவிக்கு உரியவன் என்று சமூகம் அவனை வகைப்படுத்துவதால்தான். நம் பக்கத்தில் இதற்கு ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. இங்கே உதவிக்கு உரியவன் *அல்ல* என்று வகைப்படுத்துவதிலேயே அதிக மூளை செலவழிக்கப்பட்டிருக்கிறது.

3

அதே பஞ்ச காலத்தில் வேறொரு மனிதர் அதே மாதிரியான எண்களைக் கையில் எடுத்தார். தாதாபாய் நவ்ரோஜி 1876ல் இந்தியாவின் வறுமை பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். 1901ல் வந்த அவருடைய பெரிய புத்தகத்துக்கு அதுதான் விதை. உயிரோடிருக்க ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். எதை வைத்து? கல்கத்தாவில் அரசாங்க மருத்துவ அதிகாரி ஒருவர், கடல் கடந்து போகும் கூலிகளுக்காகக் கப்பலில் கொடுக்க வகுத்திருந்த உணவுப் பட்டியலை வைத்து. வேலை எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்து பயணம் போகிற ஆளுக்கான அளவு அது. கூடவே சிறைக் கைதிகளுக்கு ஆகும் செலவையும் எடுத்துக்கொண்டார். 1867-68 விலையில், இடத்துக்கு இடம் வேறுபட்டு, தலைக்கு வருஷம் 16 ரூபாயிலிருந்து 35 ரூபாய்வரை வந்தது. சராசரி இந்தியனின் வருஷ வருமானமோ அவர் கணக்கில் 20 ரூபாய்.

இதிலுள்ள அரசியலைப் பாருங்கள். எண் அவர்களுடையது. சிறை அவர்களுடையது, கப்பல் அவர்களுடையது, டாக்டரும் அவர்களுடைய டாக்டர். நவ்ரோஜி அந்த எண்ணை எடுத்து அவர்களை நோக்கியே திருப்பி வைத்தார்: 'குற்றவாளிக்கு நீ கொடுக்கிறதுகூட உன் குடிமகனுக்கு இல்லை.' டெம்பிளின் கையில் பசித்தவனை அளந்த கோல், நவ்ரோஜியின் கையில் ஆட்சியை அளந்தது. இந்தியாவின் முதல் வறுமைக்கோடு இதுதான் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் அது எவரையும் எந்த வாசலிலிருந்தும் திருப்பி அனுப்புவதற்காகப் போடப்பட்ட கோடு அல்ல என்பதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

இந்த இரண்டாவது மரபு கொஞ்ச காலம் தொடர்ந்தது. 1938ல் காங்கிரஸ் அமைத்த தேசியத் திட்டக் குழு தலைக்கு மாதம் 15லிருந்து 20 ரூபாய் என்று ஒரு குறைந்தபட்ச அளவை வகுத்தது. வரப்போகும் சுதந்திர அரசு எட்டவேண்டிய இலக்கு அது. நீலகிரியில் குன்னூரிலும் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. மக்காரிசன் தொடங்கிய சத்துணவு ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பிறகு வந்த ஆக்ராய்ட், 1937ல் நம் கம்பு, கேழ்வரகு, அரிசி, கீரை எல்லாவற்றின் சத்து மதிப்பையும் பட்டியல் போட்டு வெளியிட்டார். பின்னால் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய சத்துணவு நிறுவனமான கூடம் அது. வறுமை இனி கலோரியில் பேசும் என்பதற்கான அகராதி அங்கேதான் தயாரானது. குன்னூர்க்காரர்களின் நோக்கம் பெரிபெரி மாதிரியான நோய்களை ஒழிப்பது. அவர்கள் மேல் பழி இல்லை. ஆனால் ஓர் அகராதி யார் கைக்கும் போகும்.

4

1962ல் பொருளாதார நிபுணர் குழு ஒன்று தேசியக் குறைந்தபட்ச வாழ்க்கைத்தரம் என்று ஒன்றை நிர்ணயித்தது: 1960-61 விலையில் ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 100 ரூபாய், தலைக்கு 20, நகரத்தில் 25. கல்விச் செலவும் மருத்துவச் செலவும் இந்த 20 ரூபாயில் சேரவில்லை. ஏனென்றால் அவற்றை அரசே கொடுக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். பின்னால் நடந்ததுதான் கொடுமை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் காசு கேட்க ஆரம்பித்தன. ஆனால் கோட்டிலிருந்து கழித்தது கழித்ததுதான். அரசு தன் வாக்கை மறந்துவிட்டது. கழித்தலை மட்டும் மறக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, 2009ல் டெண்டுல்கர் குழுதான் அந்தச் செலவுகளைக் கணக்குக்குள் கொண்டுவந்தது.

1971ல் தாண்டேகரும் ரத்தும் 2250 கலோரியை அடிப்படையாக வைத்தார்கள். 1960-61 விலையில் கிராமத்துக்கு மாதம் 15 ரூபாய், நகரத்துக்கு 22.50. அந்த அளவுக்கும் கீழே கிராமத்தில் நூற்றுக்கு 40 பேர், நகரத்தில் 50 பேர். திட்டக் கமிஷனின் செயற்குழு 1979ல் கிராமத்துக்கு 2400, நகரத்துக்கு 2100 கலோரி என்று முடிவு செய்து, 1973-74 விலையில் 49.09 ரூபாய், 56.64 ரூபாய் என்று பைசா சுத்தமாக அறிவித்தது. இந்த பைசா சுத்தம்தான் ஆபத்து. 49 ரூபாய் 9 பைசா என்று சொல்லும்போது, அதற்குள் எத்தனை அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது மறைந்துபோகிறது. எண்ணுக்கு ஒரு சத்தியத்தின் சாயல் வந்துவிடுகிறது. அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று பெற்றுக்கொள்வது பற்றி மிஷல் ஃபூக்கோ எழுதியதை நாம் பைத்தியக்கார விடுதிக்கும் சிறைக்கும் பொருத்தி நிறையப் பேசியிருக்கிறோம். ரேஷன் கார்டுக்குப் பொருத்திப் பேசியது குறைவு.

இதே காலத்தில் இன்னொரு விவாதமும் வந்தது. புள்ளியியலாளர் சுகாத்மே, குறைந்த உணவுக்கு உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும், ஆகவே சராசரித் தேவையைக் கோடாக வைத்தால் பட்டினிக்காரர் எண்ணிக்கை மிகைப்படும் என்றார். 1980களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் ஒருபடி மேலே போய், சின்ன உடம்பு ஆரோக்கியமான உடம்பாகவே இருக்கலாம் என்றார். நம் சேலத்தில் பிறந்த சத்துணவு விஞ்ஞானி கோபாலன் இதைக் கடுமையாக மறுத்தார். குள்ளமாய்ப் போன குழந்தையைத் 'தகவமைந்த' குழந்தை என்று சொல்வது வறுமையை விஞ்ஞானத்தின் பெயரால் மன்னிப்பது என்பதே அவர் வாதத்தின் சாரம். ஒரு நூறு வருஷம் கழித்து டெம்பிளும் கார்னிஷும் திரும்பவும் எதிரெதிரே நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

கோட்டின் நகர்வு உண்மையில் எவ்வளவு இலேசானது என்பதற்கு இரண்டு உதாரணம். 1987-88ல் இந்திய ஏழைகள் 29.9 சதவீதம் என்றது திட்டக் கமிஷன். 1993ல் லக்டவாலா குழு மாநிலவாரி விலைகளை வைத்து அதே வருஷத்தைத் திரும்பக் கணக்கிட்டபோது 39.3 சதவீதம் வந்தது. அடுத்து 1993-94ல் 36 சதவீதமாக இருந்த வறுமை 1999-2000ல் 26.1 ஆகக் குறைந்தது என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கெடுப்பில் கேள்வி கேட்கும் முறையே மாறியிருந்தது. போன 30 நாளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டுவந்தவர்கள் போன 7 நாளையும் பக்கத்திலேயே சேர்த்துக் கேட்டார்கள். பதில்கள் வீங்கின. குறைந்தது வறுமையா, கேள்வியின் குணமா என்று பொருளாதார அறிஞர்கள் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். உத்சா பட்நாயக் இன்னும் அடிப்படையான ஒன்றைச் சுட்டிக்காட்டினார். 1973-74க்குப் பிறகு கோட்டை விலைவாசிக் குறியீட்டால் மட்டுமே உயர்த்திக்கொண்டு போனார்கள்; அந்தக் காசில் இன்று 2400 கலோரி கிடைக்கிறதா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் கலோரிக்கோடு, உள்ளே கலோரி இல்லை.

ஆனாலும் இதுவரை பேசியதெல்லாம் எண்ணிக்கை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு ஆயிரத்தில் ஒரு வீட்டைக்கூடத் தொடுவதில்லை. நாட்டில் நூற்றுக்கு இத்தனை பேர் ஏழை என்று அது சொல்லும். முனியம்மா ஏழையா என்று சொல்லாது. சொல்லவும் முடியாது. சொல்லச் சொன்னபோதுதான் கோடு கதவாக மாறியது.

5

1997 ஜூன். அதுவரை எல்லோருக்கும் பொதுவாக இருந்த ரேஷனை மத்திய அரசு இரண்டாகப் பிரித்தது: கோட்டுக்குக் கீழே, கோட்டுக்கு மேலே. மாநிலத்துக்கு எத்தனை ஏழைக் குடும்பம் என்பது டில்லியில் மாதிரிக் கணக்கிலிருந்து முன்கூட்டியே முடிவானது. அந்த எண்ணிக்கைக்குள் ஆட்களைத் தேடிப்பிடிப்பது மாநிலத்தின் பாடு. எண்ணிய பிறகு எத்தனை என்று சொல்வது வழக்கம். இங்கே எத்தனை என்று சொல்லிவிட்டு எண்ணச் சொன்னார்கள். 1997 கிராமப்புறக் கணக்கெடுப்பில் காரை வீடு, 2 ஹெக்டேருக்கு மேல் நிலம், டிவி, ஃபிரிட்ஜ், சீலிங் ஃபேன், மோட்டார் சைக்கிள் - இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த கேள்வி இல்லாமல் வெளியே. நம் ஊரில் இது எப்படிப் போய் முடியும் என்று யோசித்துப் பாருங்கள். 2006ல் தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. ஓர் அரசு ஏழை என்பதற்காகக் கொடுத்த பொருள், இன்னொரு அரசின் விதிப்படி ஏழையல்ல என்பதற்கு அத்தாட்சி.

2000ல் கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்கான விலை, அரசுக்கு ஆகும் முழுச் செலவுக்கு உயர்த்தப்பட்டது. வாங்குவது நின்றது. 2002ல் அரசுக் கிடங்குகளில் 6 கோடி டன்னுக்கு மேல் தானியம் குவிந்து கிடந்தது. ராஜஸ்தானில் வறட்சி. 2001ல் சிவில் உரிமைகளுக்கான மக்கள் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இந்தப் பின்னணியில்தான்.

2002 கணக்கெடுப்பு வேறு மாதிரி. 13 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க்கு, மொத்தம் 52. மார்க்கு குறைய குறைய ஏழை. எத்தனை துணி வைத்திருக்கிறீர்கள், எத்தனை வேளை சாப்பாடு, கக்கூஸ் உண்டா, யாரிடம் கடன், எதற்காகக் கடன், பிழைப்புத் தேடி வெளியூர் போகிறீர்களா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா வேலைக்குப் போகிறார்களா? கடைசிக் கேள்வி, என்ன உதவி வேண்டும் என்பது. கூலி வேலையும் ரேஷனும் கேட்டால் 0. ஒன்றும் வேண்டாம் என்றால் 4. மானத்துக்கு அஞ்சி 'எங்களுக்கு எதுவும் வேணாம்' என்றவரும் 4 மார்க்கு வாங்கிப் பணக்காரர் பக்கம் நகர்ந்தார்.

கணக்கெடுக்கப் போன ஓர் இளைஞரோடு ஒருநாள் நானும் காலனிக்குள் நடந்தேன். தற்காலிக வேலை அவருக்கு. ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. முதல் வீட்டில் ஒரு அம்மா. ஊருக்குள் இரண்டு வீட்டில் பாத்திரம் கழுவுகிறவர்.

"எத்தன சேல வச்சிருக்கீங்கம்மா?"

"எதுக்குத் தம்பி?"

"எழுதணும்மா."

"அஞ்சு இருக்கு. மூணு வேல செய்யிற வீட்ல குடுத்தது. ரெண்டு எம் மக கட்டுனது. அவ இல்ல இப்ப."

அவர் 2 என்று எழுதினார். நாலிலிருந்து ஆறுக்குள் இருந்தால் 2. படிவத்தில் அந்தச் சேலைகள் எங்கிருந்து வந்தன என்று எழுத இடமில்லை.

அடுத்த வீட்டில் பையன் ஏழாவது படிக்கிறான். பள்ளிக்குப் போகிறான், வேலைக்குப் போகவில்லை என்றால் முழுசாக 4. அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "நாலுக்கு நாலு போட்டிருக்கீங்களா? நல்லதுதானே தம்பி?" என்று கேட்டார். மார்க்கு என்றால் கூடினால் நல்லது என்றுதான் அவருக்கு அவர் பையன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். இளைஞர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்த வருஷம் பையனை நிறுத்திவிடுவாரோ என்ற பயம் எனக்கு. சொல்லாமல் வந்ததற்காக இன்றும் எனக்குச் சமாதானம் இல்லை.

இங்கே நடப்பது தகவல் சேகரிப்பு மட்டும் அல்ல. சேலையை எண்ணுவதும், யாரிடம் கடன் என்று தெருவில் நின்று கேட்பதும் ஒரு மனுஷியை ஏழை என்ற வகைக்குள் உட்காரவைக்கும் சடங்கு. பதில் சொல்லச் சொல்ல அவர் தன்னை அப்படிப் பார்க்கப் பழகுகிறார். ஏழை முன்பே இருக்கிறார், படிவம் அவரைக் கண்டுபிடிக்கிறது என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதியில், படிவம் அவரைத் தயாரிக்கிறது. இந்த 13 கேள்வியில் சாதி இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சேரியில் காரை வீடு கட்டியவரும் ஊர்த்தெருவில் காரை வீடு கட்டியவரும் ஒரே மார்க்கு. ஊர் அவர்களை ஒரே மாதிரி நடத்துகிறதா என்று கேட்க படிவத்துக்கு வாய் இல்லை. 2011 சமூக, பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு இதைக் கொஞ்சம் திருத்தப் பார்த்தது. வீடற்றவர், பிச்சையில் வாழ்பவர், மலமள்ள வைக்கப்பட்டவர், மிகப் பின்தங்கிய பழங்குடி, மீட்கப்பட்ட கொத்தடிமை ஆகியோரைக் கேள்வியின்றிச் சேர்த்தது. ஆனால் ஃபிரிட்ஜ் இருந்தாலோ, வீட்டில் தொலைபேசி இணைப்பு இருந்தாலோ கேள்வியின்றி வெளியே.

6

2011 செப்டம்பரில் திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்தில் ஒரு அஃபிடவிட் தாக்கல் செய்தது: நகரத்தில் ஒரு நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் செலவழிக்கிறவர் ஏழையல்ல. நாடே சிரித்தது, கோபப்பட்டது. 2014ல் ரங்கராஜன் குழு அதை 47, 32 என்று உயர்த்திச் சொன்னது. 2011-12ல் ஏழைகள் டெண்டுல்கர் முறைப்படி 21.9 சதவீதம், ரங்கராஜன் முறைப்படி 29.5. அரசு அந்தப் பரிந்துரையை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. 2017-18 நுகர்வுக் கணக்கெடுப்பை முடித்துவிட்டு, அதன் முடிவை வெளியிடுவதில்லை என்று 2019ல் அறிவித்தார்கள். 2024ல் நிதி ஆயோக், பலபரிமாண வறுமை 2013-14ல் 29.17 சதவீதமாக இருந்தது 2022-23ல் 11.28 ஆகிவிட்டது என்றது. அந்தப் பரிமாணங்களில் ஒன்று வங்கிக் கணக்கு. கணக்கில் பணம் இருக்கிறதா என்பது பரிமாணத்தில் சேராது.

32 ரூபாய்க்குச் சிரித்தவர்கள் கவனிக்காமல் விட்ட இன்னொரு கோடு இருக்கிறது. 2019ல் 103ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு. ஏற்கனவே ஒதுக்கீடு உள்ள சாதிகள் அதில் சேர முடியாது. யார் நலிந்தவர்? குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குக் கீழே. 2011-12ன் நகர்ப்புற வறுமைக்கோடு ஐந்து பேர் குடும்பத்துக்கு வருஷம் 60,000 ரூபாய். விலைவாசி ஏறியதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ரேஷன் வாசலில் நிற்பவருக்கு ஒரு மரக்கால், உத்தியோக வாசலில் நிற்கும் மேல்சாதிக்காரருக்கு ஒரு மரக்கால். பண்ணையில் இருந்த இரண்டு மரக்காலும் அரசிதழில் ஏறிவிட்டன. 2022ல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மைத் தீர்ப்பு இதைச் செல்லும் என்றது.

இதிலுள்ள சூட்சுமம் தமிழ்நாட்டுக்காரனுக்குச் சீக்கிரம் புரியும். 1979ல் எம்.ஜி.ஆர். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு வருஷம் 9000 ரூபாய் என்று வருமான வரம்பு கொண்டுவந்தார். கடும் எதிர்ப்பு. 1980 பாராளுமன்றத் தேர்தலில் படுதோல்வி. உடனே வரம்பை எடுத்துவிட்டு, ஒதுக்கீட்டை 31லிருந்து 50 சதவீதமாக்கினார். 'ஏழையா என்று மட்டும் பார்' என்ற நியாயமான குரலுக்குள், 'எந்தச் சாதி என்று பார்க்காதே' என்ற இன்னொரு குரல் ஒளிந்திருக்க முடியும் என்பது அப்போது இங்கே பாமரருக்கும் விளங்கியிருந்தது.

7

ரேஷனிலும் தமிழ்நாடு வேறு வழியில் போனது. 1967ல் 'ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று சொல்லி ஆட்சிக்கு வந்தார்கள். நடைமுறையில் அது சென்னை, கோவையைத் தாண்டவில்லை. ஆனாலும் அரிசி அரசியலின் மையத்துக்கு வந்துவிட்டது. 1997ல் டில்லி போட்ட கோட்டைத் தமிழ்நாடு ரேஷன் கடை வாசலில் போட மறுத்தது. அரிசி கார்டு யார் கேட்டாலும் கிடைக்கும். வேண்டாதவர் சர்க்கரை கார்டு வாங்கிக்கொள்ளலாம். 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தபோதும் எல்லோருக்குமான அரிசியை விடவில்லை. பணக்காரர்களும் வாங்குகிறார்களே என்று பத்திரிகைகள் அங்கலாய்த்தன. வரிசையில் யாரும் யாரையும் 'நீ ஏழையா?' என்று கேட்கவில்லை என்பதை அவை செய்தியாக எழுதவில்லை. கடையில் எடை குறைந்தால் தட்டிக்கேட்க ஆள் இருந்தது. ஏனென்றால் அந்த வரிசையில் வாய் உள்ளவர்களும் நின்றார்கள். ஏழைக்கென்று தனியாகப் பிரிக்கப்பட்ட எதுவும் சீக்கிரத்தில் ஏழையைப்போலவே நாதியற்றுப் போகும்.

அதற்காக நம் ஊரைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. 2023 செப்டம்பர் 15ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய். பெயரில் உரிமை இருக்கிறது. வாசலில் கோடும் இருந்தது: குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள். வந்த 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்களில் தொடங்கும்போது தேறியவை 1 கோடியே 6 லட்சம். ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம் இருக்கும் வீட்டில் யூனிட் யாருடையது? வீட்டுவேலை செய்த பெண்ணுக்கான தொகை என்று சொல்லிவிட்டு, புருஷன் பேரில் உள்ள நிலத்தை அளப்பது எந்தக் கணக்கு? உரிமை என்றால் அளக்கக்கூடாது. அளந்தால் அது படியளப்புதான். நம் இயக்கங்களும் இதில் சுத்தம் இல்லை. வெள்ளத்துக்கும் புயலுக்கும் நிவாரணப் பை கொண்டுபோனபோது, 'நிஜமாவே இல்லாதவங்க யாரு?' என்று ஊர்ப் பெரியவரைக் கேட்டுப் பட்டியல் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

அப்படியானால் அளக்கவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. நவ்ரோஜி அளந்தார். அளக்காமல் அவரால் சாம்ராஜ்யத்தைக் குற்றஞ்சாட்டியிருக்க முடியாது. கணக்கெடுப்பு முடிவைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற அரசுக்கு எண் மீது எவ்வளவு பயம் என்று நாம் பார்த்தோம். 2021ல் வரவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், உணவுச் சட்டம் 2011 எண்ணிக்கையின்மேல் நின்றது. பிறகு பிறந்தவர்களின் பங்கு யார் கணக்கிலும் ஏறவில்லை. ஆகவே எண்ணச் சொல்லி நாம்தான் கத்தவேண்டும். ஆட்சியை எண்ணட்டும், எத்தனை வயிறு காய்கிறது, எத்தனை குழந்தை குள்ளமாய்ப் போகிறது என்று மாதிரி எடுத்துச் சொல்லட்டும். ஆனால் அந்த எண்ணைக் கொண்டுவந்து முனியம்மா வீட்டு வாசலில் கோலாக நிறுத்த விடக்கூடாது. சோறு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வயசான காலத்துக்குக் காசு ஆகியவற்றுக்குக் கதவே இருக்கக்கூடாது. வசதியுள்ளவன் வந்துவிடுகிறான் என்றால் அவனிடம் வரியாக வாங்கிக்கொள்ள அரசுக்கு வேறு வாசல் இருக்கிறது.

நம் பேச்சுத் தமிழில் ஏழையைக் குறிக்க 'அன்னாடங்காச்சி' என்று ஒரு சொல் இருக்கிறது. அன்றைய கூலியை அன்றே காய்ச்சிக் குடிப்பவர். அந்தச் சொல்லில் ரூபாய் இல்லை, கலோரி இல்லை. நாளைக்கு என்ன என்பது மட்டும் இருக்கிறது. நாளையை யார் பிடுங்கிக்கொண்டார்கள் என்ற கேள்வியை 52 மார்க்குக்குள் எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. காலனிக்குப் போன அன்று அந்த இளைஞரின் படிவக் கட்டிலும் அதற்கு இடமில்லை. ஐந்து சேலைக்கு 2 என்று எழுதிவிட்டு நாங்கள் அடுத்த வீட்டுக்குப் போனோம்.